கிளாஸில் மிஞ்சியது

ரவ்தா மொபெட்டை வாசலில் நிறுத்திப் பின்னால் கட்டியிருந்த அட்டைப்பெட்டியை அவிழ்த்தாள். உள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் அடுப்படியில் நின்ற வஸீலாவுக்குக் கேட்டது. நோன்பு திறக்க இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. ஷோர்பா சூப் கொதித்துக்கொண்டிருந்தது. வஸீலா அடுப்பைக் குறைத்துவிட்டுத் தங்கையைப் பார்க்க வந்தாள்.

அதற்குள் வஸீலாவின் கணவன் ஷத்லி பெட்டிக்குள் கையை விட்டிருந்தான்.

"கையை எடு மச்சான். பாங்கு சொல்ற வரைக்கும் இது ஃப்ரிட்ஜுலதான் இருக்கும்."

"குடிக்கவா போறேன்? நம்பரைத்தானே பாக்குறேன். முன்னூத்திப் பதினெட்டு, ஐந்நூத்தி அஞ்சு, எழுநூத்தி அறுபத்திரண்டு. இது என்ன, பானமா, பஸ் நம்பரா?"

"பேர் தெரிஞ்சா பேரைப் பாத்து மார்க் போடுவீங்க. அதுக்குத்தான் நம்பர்."

"உன்னோடது எது? என் காதுல மட்டும் சொல்லு."

"உன் காதுல சொன்னா உன் ரிப்பேர் கடைக்கு வர்ற மொபெட்டு அத்தனைக்கும் தெரிஞ்சிடும்."

உள்ளறையிலிருந்து உம்மா குரல் கொடுத்தாள். "அஞ்சு போட்டது எதுன்னு சொன்னே? ரெண்டு அஞ்சா? அப்ப அதுக்குக் கண்ணே படாது. அதை எனக்கு முதல்ல ஊத்து."

ஐந்து என்ற எண் கண்ணேறைத் தடுக்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. ரவ்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். சிரித்தாள்தான். ஆனால் அவள் கண் ஒரு கணம் ஐந்நூற்றைந்தின் மேல் போய் மீண்டதை வஸீலா கவனித்துவிட்டாள். இருபத்தாறு வருடமாகப் பார்த்துவரும் முகம் அது. எது தங்கையுடைய பாட்டில் என்பது அவளுக்கு அந்தக் கணமே தெரிந்துபோயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

ரவ்தாவின் நாக்கைப் பற்றித் துனிசியாவின் ஸ்பாக்ஸ் நகரில், அல்-ஐன் சாலை ஐந்தாவது கிலோமீட்டரில், எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். அவளுக்கு ஆறு வயது. வீட்டு முற்றத்து மழைநீர்த் தொட்டியிலிருந்து மொண்ட தண்ணீரைக் குடித்துவிட்டு, "இதுல ஆணி இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வஸீலாவுக்கு அப்போது பதினேழு வயது. வாப்பா இறந்த பிறகு பள்ளிக்கூடத்தை விட்டு, வியாபாரி அனுப்பும் பாதாம் மூட்டைகளை வீட்டிலேயே பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பருப்பாகப் பார்த்துக் கசப்பை ஒதுக்குகிற வேலை அது. எதையும் பார்க்காமல் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. மறுநாள் கயிற்றில் காந்தத்தைக் கட்டித் தொட்டிக்குள் விட்டாள். பழைய வாளியின் இரும்பு வளையம் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. வஸீலா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். அன்றைக்கு வந்த பிரமிப்பு பிறகு அவளை விட்டுப் போகவேயில்லை.

ரவ்தா பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு, ஊரார் மரியாதையாக 'சி' சேர்த்து அழைக்கும் முதலாளி முஹ்ஸினின் எள் அல்வா, சர்பத் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டப் போனாள். மூன்றாவது வருடம் ஒரு நாள், உதிர்ந்து விழுந்த அல்வாத் துணுக்கை வாயில் போட்டவள், "இந்த எள்ளை ஈரத்தோட வறுத்திருக்காங்க, ரெண்டு மாசத்துல காறிடும்" என்று மேஸ்திரியிடம் சொன்னாள். மேஸ்திரி திட்டினார். இரண்டாவது மாதம் கடைகளிலிருந்து அல்வா திரும்பி வந்தது. சி முஹ்ஸின் அவளைக் கூப்பிட்டு, எஞ்சினியர் அனீஸ் உட்காரும் ருசி பார்க்கும் அறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். படிப்பு இல்லாததால் தற்காலிக வேலை. அது நான்கு வருடம் நீண்டு, இந்த ஜூனோடு முடியப்போகிறது.

இந்த மூன்று பாட்டிலிலும் இருந்தது பஸீஸா. வறுத்த கோதுமை, கொண்டைக்கடலை, வெந்தயம், பெருஞ்சீரகம், கொத்தமல்லி எல்லாம் சேர்த்து அரைத்து, ஆலிவ் எண்ணெயில் குழைத்து, விடியலுக்கு முந்தைய ஸஹர் நேரத்தில் இரண்டு கரண்டி சாப்பிட்டால் மாலைவரை பசி தாங்கும். அதைப் பாலும் பேரீச்சம்பாகும் கலந்து பாட்டிலில் குடிக்கிற பானமாக்க வேண்டும் என்பது சி முஹ்ஸினின் ஆசை. இரண்டு பாட்டில் எஞ்சினியருடையது, ஒன்று ரவ்தாவுடையது. பதினைந்து வீடுகளில் குடும்பத்தோடு குடித்துப் பார்த்துத் தாளில் மார்க் போட வேண்டும். ஜெயிக்கிற பாட்டில் பெருநாள் முடிந்ததும் உற்பத்திக்குப் போகும். ரவ்தாவுடையது ஜெயித்தால் அவளுக்கு நிரந்தர வேலை. தோற்றால் ஜூனுக்குப் பிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லை.

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழமும் தண்ணீரும். பிறகு ஷோர்பாவுக்கு முன்பே ரவ்தா மூன்று மூன்று கிளாஸாக எல்லோருக்கும் ஊற்றி வைத்தாள்.

"அல்லாஹ்!" ஷத்லி கண்ணை மூடிக்கொண்டான். "இது சொர்க்கம். இதுவும் சொர்க்கம். மூணாவதும்... சொர்க்கத்துக்குப் பக்கத்து வீடு."

"மச்சான், பதினாலு மணி நேரம் காய்ஞ்ச நாக்கு. பச்சைத் தண்ணி குடுத்தாலும் இதையேதான் சொல்லுவே."

"தண்ணிக்கு ஒன்பது போடுவேன். இதுக்குப் பத்து."

தாளின் கடைசியில் 'குறை ஏதும் உண்டா?' என்று ஒரு கட்டம் இருந்தது. வஸீலா பேனாவைப் பிடித்தபடி அந்தக் கட்டத்தையே பார்த்தாள். சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது என்பது அந்த வீட்டில் தொழுகைக்கு அடுத்த பாடம். பிடித்தால் சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் கை தானாக வேறு தட்டுக்குப் போய்விடும். வாய் ஒன்றும் சொல்லாது. அதுவும் சொந்தத் தங்கை கொண்டுவந்த பானத்தையா? 'கைக்கு ஸஹ்ஹா' என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். தண்ணீர் குடித்தவருக்கும், குளித்து வந்தவருக்கும், முடி வெட்டிக்கொண்டவருக்கும்கூட அந்த ஊரில் சொல்கிற வாழ்த்து அது. ஆரோக்கியம் உண்டாகட்டும் என்று அர்த்தம். உம்மாவும் அதையே எழுதச் சொன்னாள். ஷத்லி அதையே எழுதிப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் வரைந்தான்.

சாப்பாடு முடிந்து வஸீலா கிளாஸ்களைக் கழுவ எடுத்தாள்.

"அக்கா, அதைக் கழுவாதே."

ரவ்தா பையிலிருந்து கோடு போட்ட அளவுக் குவளையை எடுத்து, ஒவ்வொரு கிளாஸிலும் மிஞ்சியிருந்ததை ஊற்றி அளந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

பெருநாளுக்கு முந்தைய வாரம் தாள்கள் எல்லாம் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தன. அறுபத்தேழு பேர். குறைக் கட்டத்தில் ஒரே ஒரு குறைகூட இல்லை. தாளுக்குத் தாள் ஸஹ்ஹா. மூன்று பாட்டிலுமே நல்ல மார்க். அதிலும் ஐந்நூற்றைந்து கொஞ்சம் மேலே. சி முஹ்ஸின் எல்லோருக்கும் அல்வா கொடுத்தாராம். பெருநாள் கழிந்த மூன்றாவது வியாழக்கிழமை உற்பத்திக் காகிதத்திலும் நிரந்தர வேலைக் கடிதத்திலும் ஒன்றாகக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாராம். உம்மா செய்தியைக் கேட்டு நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து பதில் குலவை வந்தது.

ரவ்தா மட்டும் முற்றத்தில் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஜெயிச்சவ மூஞ்சியா இது?" என்றாள் வஸீலா.

"அன்னைக்கு உம்மா ஐந்நூத்தி அஞ்சுல பாதி வச்சிட்டா. மச்சான் மூணுல ஒரு பங்கு. நீயும் வச்சே. மத்த ரெண்டும் காலி."

"வயிறு ரொம்பிடுச்சு, அவ்வளவுதான்."

"முதல்ல குடிச்சதே அதைத்தானே அக்கா. உம்மா அஞ்சைக் கேட்டு வாங்கினா."

வஸீலா வாளியைத் தங்கை பக்கம் நகர்த்தினாள்.

"அந்த நம்பரும் எனக்குத் தானா வந்து விழுந்துச்சு. எஞ்சினியர் பாரிஸ்ல படிச்சவர், அஞ்சுன்னா நமக்கு என்னன்னு அவருக்குத் தோணல. எனக்குத் தோணுச்சு. நான் வாயைத் திறக்கல." ரவ்தா துணியைப் பிழிந்தாள். "பசிச்ச நாக்கு, அஞ்சு, ஸஹ்ஹா. மூணும் சேந்து ஜெயிச்சிருக்கு. பானம் ஜெயிச்சுதான்னு எனக்குத் தெரியல."

பெருநாள் முடிந்த மறுவாரம், பழைய பதினைந்தில் தங்கள் வீட்டை விட்டுவிட்டு மற்ற பதினாலு வீடுகளுக்கும் ரவ்தா திரும்பப் போனாள். இம்முறை தாள் இல்லை, கேள்வி இல்லை. நம்பரும் இல்லை. பாட்டில் கழுத்தில் வேறு வேறு நிற நூல் மட்டும். "தொழிற்சாலையில மிஞ்சுச்சு, ஃப்ரிட்ஜுல வச்சிக் குடிங்க. பாட்டில் மட்டும் திரும்ப வேணும், ரெண்டு நாள் கழிச்சு வந்து வாங்கிக்கிறேன்" என்று ஒரே வாக்கியம். மதியத்துக்கும் மாலைக்கும் நடுவே, யாருக்கும் பசியில்லாத நேரமாகப் பார்த்துப் போனாள். வஸீலா மொபெட்டின் பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நோட்டில் எழுதுவது அவள் வேலை. தங்கையின் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும்.

இரண்டு நாள் கழித்து பாட்டில்கள் திரும்பின. மிச்சம் இருந்தால் அதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். உணவைச் சாக்கடையில் ஊற்ற யாருக்கும் மனம் வருவதில்லை. மூலை திரும்பியதும் ரவ்தா மொபெட்டை ஓரம் கட்டி, குவளையில் அளந்து, எண்ணைச் சொல்வாள். வஸீலா எழுதுவாள்.

மஞ்சள் நூல், அதாவது எழுநூற்று அறுபத்திரண்டு: சைபர். சைபர். நாற்பது மில்லி. சைபர். கறுப்பு நூலில் கொஞ்சம் கொஞ்சம் மிச்சம். சிவப்பு நூல் தங்கையுடையது. ஐந்நூறு. அறுநூற்று இருபது. நானூற்றைம்பது. லிட்டர் பாட்டிலில் ஏறக்குறைய பாதி.

ஒன்பதாவது வீட்டில் ரவ்தா "அறுநூறு" என்றாள். வஸீலாவின் பேனா நின்றது. பிறகு முந்நூறு என்று எழுதியது. பாதாம் பிரித்த இத்தனை வருடத்தில் ஒரு பருப்பைக்கூட அவள் தவறான கூடையில் போட்டதில்லை.

ரவ்தா குனிந்து நோட்டைப் பார்த்தாள். கோபப்படவில்லை. பேனாவை வாங்கி முந்நூறை அடித்து, தன் கோழிக் கிளறல் எழுத்தில் அறுநூறு என்று பக்கத்தில் எழுதினாள். பேனாவை அக்காவின் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"அடுத்த வீடு ஏழாவது கிலோமீட்டர்ல. பெட்டியைக் கெட்டியாப் புடிச்சிக்கோ."

பதினாலு வீட்டில் பதினொன்றில் சிவப்பு நூல் பாட்டில் பாதிக்கு மேல் திரும்பியிருந்தது.

அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு, பூரண வெளிச்சத்தில், ரவ்தா முற்றத்து மேசையில் ஒரு கிளாஸ் நிறைய ஐந்நூற்றைந்தை ஊற்றி அக்கா முன் வைத்தாள்.

"குடி. முழுசா. குறையைச் சொல்லு."

"நல்லாதான் இருக்கு ரவ்தா."

"அக்கா. நான் ருசி பாக்குறப்ப நாக்குல வச்சுத் துப்பிடுவேன். ஒரு நாளைக்கு நாப்பது கரண்டி வருது, முழுங்க முடியாது. ஏழு மாசமா இதைப் பண்ணினேன், ஒரு முழு கிளாஸ் நான் குடிச்சதே இல்ல. இப்ப குடிச்சாலும் என் நாக்கு எனக்குப் பரிஞ்சுதான் பேசும். கசப்புப் பாதாமைக் கண்டுபுடிக்கிற ஆள் நீ. நீதான் சொல்லணும்."

"ஏன்டி, கடிதம் வரப்போகுது. வியாழக்கிழமை கையெழுத்து. அந்த நோட்டு யாருக்குத் தெரியும்? எனக்கும் உனக்கும்தானே."

"கடைக்குப் போயிட்டா ஊருக்கே தெரியும். வாங்கினவங்க ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க. ரெண்டாவது தடவை வாங்க மாட்டாங்க, அவ்வளவுதான்."

வஸீலா பிஸ்மில்லா சொல்லிக் குடிக்க ஆரம்பித்தாள். முதல் மிடறு வறுத்த கடலையின் மணத்தோடு நெஞ்சு வரை இனித்தது. இரண்டாவது, மூன்றாவதும் அப்படியே. ஐந்தாவதில் ஏதோ ஒன்று நாக்கின் பின்புறம் வந்து உட்கார்ந்தது. ஆறாவதில் அது நகரவில்லை. ஏழாவது மிடற்றில் வஸீலாவின் கை, அவள் சொல்லாமலே, கிளாஸை மேசையில் வைத்தது.

அவள் தன் கையையே பார்த்தாள். பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு உணவைக் குறை சொன்னாள்:

"கசக்குது."

"எங்கே?"

"அடிநாக்குல. வெந்தயம். ஒரு வாய்ல தெரியல. சேந்து சேந்து வருது. ஏழாவதுல நிக்குது."

சொல்லிவிட்டு, உணவைக் குறை சொன்னதற்கு இறைவனிடம் மன்னிப்பாக "அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்றாள். ரவ்தா அதைக் காதில் வாங்கவில்லை. அவள் முகத்தில் ஏமாற்றம் வரும் என்று வஸீலா பயந்தாள். வந்தது வேறு. தொட்டிக்குள்ளிருந்து இரும்பு வளையம் மேலே வந்த அன்றைக்கு இருந்த அதே ஆறு வயது முகம்.

"எண்ணெய்!" என்றாள் ரவ்தா. "வீட்டுல பஸீஸாவை எண்ணெய்ல குழைச்சு ரெண்டு கரண்டி திங்கிறோம். எண்ணெய் நாக்கை மூடிக்கிது. நான் அதே அளவு வெந்தயத்தைப் பால்ல போட்டுட்டேன். பால்ல மூடுறதுக்கு என்ன இருக்கு? ரெண்டு கரண்டிக்கு உம்மா போடுற கணக்கை ஒரு கிளாஸுக்குப் போட்டிருக்கேன் அக்கா! எஞ்சினியருக்கு நம்ம வீட்டுக் கணக்கு தெரியாது, அவர் குறைச்சுப் போட்டாரு, தப்பிச்சாரு."

தன் தவறை இப்படிக் கொண்டாடுகிற ஒருத்தியை வஸீலா அதற்குமுன் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை இருவரும் போனார்கள். எண்கள் அவள் கையெழுத்தில் இருந்ததால் வஸீலாவும் வர வேண்டும் என்று ரவ்தா சொல்லியிருந்தாள். சி முஹ்ஸினின் அறை வாசல் நாற்காலியில், கையில் நோட்டோடு வஸீலா உட்கார்ந்தாள். கதவு திறந்தே இருந்தது. மேசையில் இரண்டு காகிதங்களும், மூடி திறந்த பேனாவும் இருந்தன.

"அறுபத்தேழு பேர் எழுதிக் கொடுத்திருக்காங்கம்மா!" சி முஹ்ஸினின் குரல் உயர்ந்தது. "ஒருத்தர் குறை சொல்லல. நீ வந்து உன் பாட்டிலையே குறை சொல்றே. தலைக்குச் சூடு ஏறிடுச்சா?"

"அவங்க ஸஹ்ஹா சொன்னது எனக்கு, சி முஹ்ஸின். பானத்துக்கு இல்ல."

"நீ சொல்ற நோட்டுப்படி ஜெயிச்சது அனீஸோட பாட்டில். அது தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"இந்தக் கடிதம் என்ன கடிதம்னும் தெரியும்ல?"

"தெரியும்."

வஸீலா நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். போய்த் தங்கையின் வாயைப் பொத்தலாமா என்றிருந்தது. ரவ்தா பையிலிருந்து ஐந்நூற்றைந்தையும் ஒரு கிளாஸையும் எடுத்து, நிறைய ஊற்றி அவர் முன் வைத்தாள்.

"குடிங்க. பேச வேண்டாம்."

சி முஹ்ஸின் முறைத்தபடியே கிளாஸைத் தூக்கினார். அவர் தொண்டை ஏறி இறங்குவதை வஸீலா வாசலிலிருந்து எண்ணினாள். நாலு. ஐந்து. ஆறு. கிளாஸ் மேசைக்கு இறங்கியது. மூன்றில் ஒரு பங்கு அதில் மிஞ்சியிருந்தது. அவரும் அந்த ஊர்க்காரர்தான், ஒன்றும் சொல்லவில்லை. மிஞ்சியதைப் பார்த்தார், ரவ்தாவைப் பார்த்தார், மறுபடியும் கிளாஸைப் பார்த்தார்.

பிறகு நோட்டைக் கேட்டு வாங்கி, பதினாலு வீட்டையும் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். முந்நூறை அடித்து அறுநூறு எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது.

"இது என்ன?"

"அது என் தப்பு," என்றாள் வஸீலா எழுந்து நின்று. "தங்கச்சி ஜெயிக்கணும்னு எழுதினேன். அவதான் திருத்தினா."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உற்பத்திக் காகிதத்தில் ஐந்நூற்றைந்தை அடித்து எழுநூற்று அறுபத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலைக் கடிதத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

"நிரந்தரம் இப்ப இல்ல," என்றார். "வாக்குன்னா வாக்கு, ஜெயிச்சாதான் அது. தற்காலிகத்தை வருஷக் கடைசி வரைக்கும் நீட்டச் சொல்றேன். இனிமே எந்த வீட்டுக்கும் தாள் போகாது, பாட்டிலும் குவளையும்தான் போகும். அதை நீ பாத்துக்கோ. வெந்தயத்தைச் சரி பண்ணிட்டு மறுபடியும் கொண்டா. நோட்டு இங்கேயே இருக்கட்டும்."

வெளியே வந்ததும் ரவ்தா மொபெட்டை மிதித்துக் கிளப்பினாள். வஸீலா பின்னால் ஏறி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தாள். இல்லை. தங்கை பேசிக்கொண்டே போனாள். வெந்தயத்தை முதல்நாளே ஊறவைத்துத் தண்ணீரை இரண்டு தடவை மாற்றினால் எப்படி, முளைகட்டி வறுத்தால் எப்படி, எண்ணெய்க்குப் பதில் பாதாம் பாலைச் சேர்த்தால் நாக்கை மூடுமா மூடாதா. பாதிப் பேச்சைக் காற்று தூக்கிக்கொண்டு போயிற்று.

"சத்தமாச் சொல்லு," என்று வஸீலா அவள் காதருகே கத்தினாள். "எனக்குக் கேக்கணும்."